தாய்மொழியில் எழுதிய குற்றம்

1670-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆம்ஸ்டர்டாமில் ஒரு லத்தீன் நூல் வெளிவந்தது. ஆசிரியர் பெயர் இல்லை. ஹம்பர்க் நகரில் ஹென்ரிகஸ் கூன்ராட் என்பவர் பதிப்பித்ததாக முகப்பில் அச்சிட்டிருந்தது. ஊரும் பொய், பதிப்பாளரும் பொய். உண்மையில் வெளியிட்டவர் ஆம்ஸ்டர்டாம் புத்தக வணிகர் யான் ரியூவர்ட்ஸ், எழுதியவர் ஸ்பினோசா. சமயத்தையும் அரசையும் பற்றிய அந்த ஆய்வுரையின் இருபதாவது அத்தியாயம், சுதந்திரமான ஒரு நாட்டில் எவரும் தான் விரும்பியபடி சிந்திக்கலாம், சிந்தித்ததைச் சொல்லலாம் என்று வாதிடுகிறது. உலகச் சிந்தனை வரலாற்றில் கருத்துச் சுதந்திரம் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த அத்தியாயத்தைத் தொடாமல் போவதில்லை.

அது வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1669 அக்டோபரில், அதே ஊரில் சிறைக்குள் ஒருவர் இறந்துபோனார். அத்ரியான் கூர்பாக் என்பது அவர் பெயர். மருத்துவமும் சட்டமும் படித்தவர். ஸ்பினோசாவின் நண்பர் வட்டத்தைச் சேர்ந்தவர், ஏறக்குறைய அவர் வயதுதான். அவர் செய்த குற்றம் ஓர் அகராதி எழுதியது.

கடவுள் பற்றி, வேதநூல் பற்றி, மதகுருமார்களின் அதிகாரம் பற்றி இருவரும் சொன்னவற்றுக்கிடையே பெரிய இடைவெளி இல்லை. ஒருவர் தம் வாடகை அறையில் கட்டிலில் கிடந்து இறந்தார், மற்றவர் சிறையில் இறந்தார். இதற்குப் பல காரணங்களைச் சொல்லலாம். கூர்பாக் தம் பெயரை மறைப்பதில் அக்கறை காட்டவில்லை, ஸ்பினோசா எச்சரிக்கையானவர். ஆனால் முதன்மையான காரணம் மொழி என்றே நான் நினைக்கிறேன். ஸ்பினோசா கற்றோர் மட்டுமே வாசிக்கும் லத்தீனில் எழுதினார். கூர்பாக் மீன் விற்பவரும் துறைமுகக் கூலியும் பேசுகிற டச்சு மொழியில் எழுதினார். சிந்தனைச் சுதந்திரத்தைப் பற்றிப் பேசும்போது, எந்த மொழியில் என்ற கேள்வியை நாம் அநேகமாகக் கேட்பதில்லை. கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது.

முதலில் ஸ்பினோசாவைப் பார்ப்போம். 1632 நவம்பர் 24-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர். மதக் கொடுமைக்குத் தப்பி போர்ச்சுகலிலிருந்து வெளியேறிய யூதக் குடும்பம். தந்தை வணிகர். அவர் இறந்த பிறகு ஸ்பினோசாவும் தம்பி கேப்ரியலும் கொஞ்ச காலம் கடையைக் கவனித்தார்கள். 1656 ஜூலை 27-ஆம் தேதி, இருபத்து மூன்றாம் வயதில், யூதச் சபை அவரை ஊர்விலக்கு செய்தது. யாரும் அவரோடு பேசக் கூடாது, கடிதம் எழுதக் கூடாது, உதவக் கூடாது, ஒரே கூரையின் கீழ் தங்கக் கூடாது, நான்கு முழத்துக்கு அருகில் போகக் கூடாது, அவர் எழுதியதைப் படிக்கக் கூடாது. தீய கருத்துகள், தீய செயல்கள் என்று பொதுவாகச் சொன்ன அந்த ஆணை, எந்தக் கருத்து, எந்தச் செயல் என்று விவரமாகச் சொல்லவில்லை. அவர் திரும்பிப் போகவும் இல்லை, வேறு மதத்தில் சேரவும் இல்லை. அந்தக் காலத்தில் எந்தச் சபையிலும் சேராமல் ஒரு மனிதன் வாழ்வது எத்தனை அபூர்வம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பிறப்பு, திருமணம், சாவு எல்லாமே ஏதோ ஒரு சபையின் ஏட்டில் எழுதப்பட்ட காலம் அது.

பிழைப்புக்குக் கண்ணாடி வில்லை தேய்த்தார். தொலைநோக்கிக்கும் நுண்ணோக்கிக்குமான வில்லைகள். ரைன்ஸ்பர்க், ஃபோர்பர்க் என்ற சிற்றூர்களில் இருந்துவிட்டு, கடைசியில் ஹேக் நகரில் ஹென்ட்ரிக் வான் டெர் ஸ்பைக் என்ற ஓவியரின் வீட்டில் வாடகைக்கு இருந்தார். நண்பர் ஒருவரின் குடும்பம் ஆண்டுக்கு 500 கில்டர் தர முன்வந்தபோது, 300 போதும் என்று குறைத்துக்கொண்டார். அவர் வாழ்க்கையை எழுதிய கோலரஸ் என்ற லூத்தரன் பாதிரியார், அவர் விட்டுச்சென்ற தாள்களுக்கிடையே கிடைத்த கணக்குச் சீட்டுகளைப் பற்றியும் சொல்கிறார். ஒரு நாள் முழுதுக்கும் வெண்ணெய் போட்ட பால் கஞ்சி, கொஞ்சம் பீர். இன்னொரு நாள் உலர்திராட்சை சேர்த்த கூழ். கருத்தில் அவருக்கு நேர் எதிரான ஒரு பாதிரியார், அந்த வீட்டுக்காரர்களிடம் விசாரித்துவிட்டு அவர் ஒழுக்கத்தை மெச்சி எழுதியிருப்பதால் இந்த விவரங்களை நம்பலாம்.

அறிவைப் பற்றி ஸ்பினோசா சொன்னதை விளங்கிக்கொண்டால்தான் சுதந்திரத்தைப் பற்றி அவர் சொன்னது பிடிபடும். தம் முக்கிய நூலான 'எதிக்ஸ்' நூலில் அறிவை மூன்று வகையாகப் பிரிக்கிறார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் கடைக்காரர் போடும் கணக்கு. மூன்று எண்களைக் கொடுத்து நான்காவதைக் கேட்கிறார்கள். இத்தனை படிக்கு இத்தனை காசு என்றால், அத்தனை படிக்கு எத்தனை காசு? இரண்டாவதையும் மூன்றாவதையும் பெருக்கி முதலாவதால் வகுக்க வேண்டும் என்பது வணிகருக்குத் தெரியும். எப்படித் தெரியும்? சின்ன வயதில் வாத்தியார் சொன்னார், அது மனதில் நின்றது. அல்லது சின்ன எண்களில் போட்டுப் பார்த்தபோது சரியாக வந்தது. இது முதல் வகை. கேள்விப்பட்டது, பழகிப்போனது. யூக்ளிடின் நிரூபணத்தைப் படித்து, எதனால் அப்படி வருகிறது என்று அறிந்தவரிடம் இருப்பது இரண்டாம் வகை. ஒன்று, இரண்டு, மூன்று என்று கொடுத்தால் ஆறு என்று ஒரு பார்வையிலேயே உள்ளம் கண்டுகொள்கிறதே, அது மூன்றாம் வகை.

மூன்று பேருக்கும் விடை ஒன்றுதான். கல்லாவில் விழும் காசும் ஒன்றுதான். வேறுபாடு என்னவென்றால், முதலாமவரிடம் நாளை இன்னொரு வாத்தியார் வந்து தவறான விதியைச் சொன்னாலும் அவர் நம்பித்தான் ஆக வேண்டும். சோதித்துப் பார்க்க அவரிடம் ஒன்றுமில்லை. காரணம் தெரிந்தவரை அப்படி ஏமாற்ற முடியாது. ஸ்பினோசா முதல் வகை அறிவைக் கேவலமாகப் பேசவில்லை. நாம் எந்த நாளில் பிறந்தோம், பெற்றோர் யார் என்பதே நமக்குப் பிறர் சொல்லித்தான் தெரியும் என்கிறார். வாழ்க்கையில் பெரும்பகுதி அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் தவறு நுழையும் வாசல் அந்த முதல் வகையில்தான் இருக்கிறது என்பது அவர் முடிவு.

இங்கிருந்து சுதந்திரத்துக்கு அவர் போகும் வழி நேரானது. காரணத்தை ஒருவருக்காக இன்னொருவர் அறிந்துகொள்ள முடியாது. நிரூபணத்தை மனப்பாடம் செய்தால் அது மறுபடியும் கேள்வி ஞானமாகிவிடும். ஆகவே சிந்திக்கும் உரிமையை ஒருவன் விரும்பினாலும் அரசனிடம் ஒப்படைக்க முடியாது. நிலத்தை எழுதிக் கொடுக்கலாம், வரியைக் கட்டலாம், ஆயுதத்தை ஒப்படைக்கலாம். தீர்மானிக்கும் மனத்தை ஒப்படைக்க வழியே இல்லை. இருபதாவது அத்தியாயத்தின் அஸ்திவாரம் இது. கருணையைக் கேட்டோ இயற்கை நீதியைச் சொல்லியோ அவர் தொடங்கவில்லை. செய்ய முடியாததைச் செய்யக் கிளம்பும் அரசு தோற்கும் என்பதிலிருந்து தொடங்குகிறார்.

பிறகு வருகிற வாதம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. மனத்தைக் கட்ட முடியாத அரசு நாக்கைக் கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்? மக்கள் மனத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயால் வேறொன்றைச் சொல்லப் பழகுவார்கள். ஒருவர் வாக்கை ஒருவர் நம்பாத நிலை வரும். நம்பிக்கை போன பிறகு ஒப்பந்தம், சாட்சி, நட்பு எதுவும் நிற்காது. முகத்துதி செய்கிறவர்கள் மேலே வருவார்கள். கருத்துக்கு எதிரான சட்டம் அயோக்கியர்களைத் தொடுவதே இல்லை, ஏனென்றால் அவர்களுக்குக் கருத்து என்று ஒன்று இருந்தால்தானே மறைக்க வேண்டும். நேர்மையாளர்களை மட்டுமே அது சிறையில் தள்ளும். அரசின் நோக்கமே மக்களைச் சுதந்திரமாக வாழச் செய்வதுதான் என்று அவர் சொன்னதை எல்லோரும் எடுத்தாள்கிறார்கள். அதைவிட, வாய்ப்பூட்டு ஒரு சமூகத்தின் நாணயத்தைக் கெடுக்கிறது என்ற இந்தக் கணிப்பு கூர்மையானது. அதிகாரிக்குப் பயந்து எல்லோரும் ஒரே மாதிரி தலையாட்டும் அலுவலகத்தில் ஒரு வாரம் வேலை செய்தவருக்கு இது புரியும்.

எடுத்துக்காட்டாக அவர் ஆம்ஸ்டர்டாமைச் சொல்கிறார். எல்லாச் சமயத்தவரும் அங்கே ஒத்து வாழ்கிறார்கள். கடன் கொடுக்கப் போகிறவர் எதிராளி பணக்காரரா ஏழையா, நாணயமானவரா ஏமாற்றுக்காரரா என்றுதான் விசாரிக்கிறார், எந்தச் சபை என்று கேட்பதில்லை என்று எழுதுகிறார். அந்த ஆம்ஸ்டர்டாமின் சிறையில்தான் கூர்பாக் மாண்டிருந்தார். அது ஸ்பினோசாவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

கூர்பாக் அகராதி எழுதியது 1668-இல் தொடங்கியதல்ல. 1664-லேயே ஒரு சட்டச் சொல்லகராதி வெளியிட்டிருந்தார். டச்சு நாட்டு நீதிமன்றங்களிலும் பத்திரங்களிலும் லத்தீன், பிரெஞ்சுச் சொற்கள் மலிந்திருந்தன. தன் வீட்டை விற்கும் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கையெழுத்துப் போடுகிறவருக்கே தெரியாது. அதைத் தெளிவான டச்சில் விளக்கினார். யாரும் அவரை ஒன்றும் செய்யவில்லை. மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் இருந்த அவருக்கு, தம் இரண்டு தொழில்களுமே புரியாத சொற்களைக் காட்டி எளியவர்களை அடக்கி வைக்கின்றன என்பது உள்ளே இருந்து தெரிந்திருந்தது. 1668-இல் அதே வேலையை விரிவாக்கி ஒரு பெரிய அகராதியைக் கொண்டுவந்தார். இந்த முறை சட்டம், மருத்துவத்தோடு சமயச் சொற்களும் சேர்ந்தன. அங்கேதான் பிடித்தார்கள்.

அந்த அகராதியில் 'பைபிள்' என்ற சொல்லுக்கு என்ன எழுதினார் தெரியுமா? கிரேக்கத்தில் அது வெறுமனே புத்தகம் என்று பொருள்படும் சொல். நரிக்கதைப் புத்தகமானாலும் அந்தச் சொல் பொருந்தும் என்றார். பலிபீடம் என்பதற்கு, வெட்டும் இடம் என்று நேரடிப் பொருள் சொன்னார். லத்தீனில் இதைவிடக் கடுமையாக எழுதியவர்கள் உண்டு. ஆனால் அகராதி என்பது யாரும் எந்தப் பக்கத்திலும் திறந்து பார்க்கும் நூல். முன்னுரையைத் தாண்டி, வாதத்தைத் தொடர்ந்து, முடிவுக்கு வந்து சேர வேண்டிய அவசியம் இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு தச்சர், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் கேட்ட சொல்லைத் தேடி, ஒரே நிமிடத்தில் அதன் பூச்சு உதிர்வதைப் பார்க்கலாம். திருச்சபை நடுங்கியதில் ஆச்சரியமில்லை.

கூர்பாக் நிற்கவில்லை. இருட்டில் ஒளிரும் விளக்கு என்ற பொருளில் தலைப்பிட்ட இரண்டாவது நூலை உத்ரெக்டில் அச்சுக்குக் கொடுத்தார். அதுவும் டச்சு மொழியில். பாதி அச்சான நிலையில் அச்சகத்தார் பயந்துபோய் வேலையை நிறுத்தினார். தாள்கள் அதிகாரிகள் கைக்குப் போயின. அவர் குலெம்போர்க் ஊருக்குத் தப்பினார், பிறகு லைடன். 1,500 கில்டர் வாங்கிக்கொண்டு ஒருவர் அவர் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்தார். விசாரணையில் ஸ்பினோசாவைப் பற்றிக் கேட்டார்கள். சில முறை சந்தித்ததுண்டு, இந்த விஷயம் எதுவும் அவரோடு பேசியதில்லை, நூல் முழுக்க என்னுடையது என்றார். பழியைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டார். கட்டைவிரலை வெட்டி, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் நாக்கைத் துளைத்து, முப்பது ஆண்டு சிறையில் போட வேண்டும் என்று அரசுத் தரப்பில் கேட்டவர்கள் இருந்தார்கள். கடைசியில் விதித்தது பத்தாண்டுச் சிறை, அதன்பின் பத்தாண்டு நாடுகடத்தல், 4,000 கில்டர் அபராதம். ஸ்பினோசா போதும் என்று சொன்ன ஆண்டுத் தொகையில் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய பணம்.

முதலில் ரஸ்ப்ஹைஸ் சிறையில் அடைத்தார்கள். பிரேசிலிலிருந்து வந்த கெட்டியான சாய மரத்தை அரத்தால் ராவித் தூளெடுப்பது அங்கே கைதிகளின் வேலை. பிறகு இன்னொரு சிறைவிடுதிக்கு மாற்றினார்கள். தண்டனையில் இரண்டாவது ஆண்டு தொடங்கிய சில மாதங்களில் இறந்தார்.

இதற்குப் பிறகு வெளிவந்த ஸ்பினோசாவின் நூலுக்கு என்ன நேர்ந்தது? சில நகரங்களில் பறிமுதல் செய்தார்கள். திருச்சபைக் கூட்டங்கள் கண்டனம் நிறைவேற்றின. ஆனால் ஹாலந்து மாகாணம் முழுதுக்குமான தடை 1674 ஜூலையில்தான் வந்தது. நான்கு ஆண்டுகள்! அதற்குள் அது பல முறை அச்சானது. அறுவை மருத்துவ நூல், வரலாற்று நூல் என்றெல்லாம் போலி முகப்போடு எல்லை தாண்டியது. கூர்பாக்கின் அகராதி வெளிவந்த சில மாதங்களிலேயே அவர் சிறையில் இருந்தார்.

மொழிக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பு ஸ்பினோசாவுக்கு நன்றாகத் தெரியும். தம் நூலின் முன்னுரையிலேயே, இது தத்துவம் அறிந்த வாசகருக்கானது, பொதுமக்களை இதைப் படிக்க அழைக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். 1671 பிப்ரவரியில், யாரோ தம் நூலை டச்சு மொழியில் பெயர்த்து அச்சிடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நண்பர் யாரிக் யெல்லஸுக்கு அவசரமாகக் கடிதம் எழுதினார்: எப்படியாவது அதை நிறுத்திவிடுங்கள், இது என் வேண்டுகோள் மட்டுமல்ல, வேறு பல நண்பர்களின் வேண்டுகோளும்தான் என்றார். டச்சில் வந்தால் தடை வரும் என்று அஞ்சினார். நிறுத்தவும் செய்தார்கள். பழைய ஏற்பாட்டின் முதல் ஐந்து நூல்களை அவரே டச்சில் மொழிபெயர்த்து வைத்திருந்து, சாவதற்குக் கொஞ்ச காலம் முன்பு நெருப்பில் போட்டுவிட்டார் என்று கோலரஸ் எழுதுகிறார்.

இதைக் கோழைத்தனம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. நண்பரைச் சிறையில் பறிகொடுத்தவர் அவர். 1673-இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தந்தபோது, நாட்டில் நிலவும் மதத்தைக் குலைக்காத அளவுக்குச் சிந்திக்கும் சுதந்திரம் உண்டு என்ற நிபந்தனையைப் பார்த்து, அந்த அளவு எது என்று தெரியவில்லையே என்று மரியாதையாக மறுத்தவரும் அவர்தான். பட்டத்துக்கும் சம்பளத்துக்கும் மயங்காத மனிதர், உயிர் வாழ்ந்து நூலை முடிக்க வேண்டும் என்று நினைத்தது நியாயம். 'எதிக்ஸ்' நமக்குக் கிடைத்தது அந்த எச்சரிக்கையால்தான்.

ஆனாலும் அவர் தத்துவம் அவருடைய எச்சரிக்கையைவிடப் பெரியது. 'எதிக்ஸ்' நூலின் நான்காம் பகுதியில், அறிவின் வழி நடப்பவர்களின் மிக உயர்ந்த நன்மை எல்லோருக்கும் பொதுவானது, எல்லோரும் சமமாக அனுபவிக்கக் கூடியது என்று நிறுவுகிறார். நிலமோ பதவியோ ஒருவருக்குக் கிடைத்தால் மற்றவருக்கு இல்லை. அறிவு அப்படிக் குறைவதில்லை. ஆகவே அதைப் பெற்றவர் பிறரும் பெற வேண்டும் என்றே விரும்புவார் என்கிறார். இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டால், பொதுமக்களை அழைக்கவில்லை என்ற முன்னுரை வாசகம் நிற்காது. லத்தீன் தெரியாதவன் கேள்வி ஞானத்திலேயே கிடக்கட்டும் என்று சொல்ல ஸ்பினோசாவின் தத்துவத்தில் இடமில்லை. அவர் நண்பர் கூர்பாக் அந்தத் தத்துவத்தை அதன் முடிவு வரை கொண்டுபோனார்.

மக்களின் மொழியைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1672-ஆம் ஆண்டே சாட்சி. பிரான்ஸ் படையெடுத்து வந்தது. நாடு கிட்டத்தட்ட கையை விட்டுப் போன நேரம். குடியரசின் தலைவராக இருந்த யான் டி விட், மதகுருமார்களின் பிடியை ஓரளவு தளர்த்தி வைத்திருந்தவர். அந்த ஆண்டு முழுதும் அவருக்கு எதிராகத் துண்டுப் பிரசுரங்கள் மழையாகப் பொழிந்தன. எல்லாம் டச்சு மொழியில், எளிய டச்சு மொழியில். துரோகி என்றன, நாட்டை விற்றுவிட்டான் என்றன. ஒரு பிரசுரம், நரகத்தில் சாத்தானோடு சேர்ந்து அந்த மதம் விட்ட யூதன் எழுதிய நூல் டி விட்டின் சம்மதத்தோடு வெளிவந்தது என்ற பொருளில் ஏசியது. அதாவது, ஸ்பினோசாவின் வாதத்தை டச்சு மக்கள் தங்கள் மொழியில் படிக்க முடியவில்லை. அவரைப் பற்றிய வசையை மட்டும் படித்தார்கள்.

ஆகஸ்ட் 20-ஆம் தேதி ஹேக் நகரில் ஒரு கும்பல் யான் டி விட்டையும் அண்ணன் கார்னெலிஸையும் அடித்துக் கொன்று, உடல்களைக் கட்டித் தொங்கவிட்டுச் சிதைத்தது. ஸ்பினோசா அதே ஊரில் இருந்தார். நான்கு ஆண்டுகள் கழித்துத் தம்மைப் பார்க்க வந்த ஜெர்மன் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸிடம் அன்று நடந்ததைச் சொல்லியிருக்கிறார்: கொலை நடந்த இடத்துக்கு அருகில், நீங்கள் காட்டுமிராண்டிகளிலும் கடைசி என்ற பொருளில் ஓர் அறிவிப்பு எழுதி ஒட்ட இரவில் வெளியே போகத் துணிந்தார், அவரையும் பிய்த்தெறிந்துவிடுவார்கள் என்று வீட்டுக்காரர் கதவைப் பூட்டிவிட்டார். எச்சரிக்கையே உருவான மனிதர் அந்த ஓர் இரவில் எச்சரிக்கையை உதறினார் என்பதைப் படிக்கும்போது அவர் மேல் மதிப்பு பெருகுகிறது. ஆனால் அந்த அறிவிப்பின் வாசகமும் லத்தீன்தான். யாரைப் பார்த்து எழுதினாரோ அவர்களில் பெரும்பாலோருக்கு அது புரிந்திருக்காது.

வெறுப்பைப் பரப்புகிறவர்கள் ஒருபோதும் மொழியில் தவறு செய்வதில்லை. சந்தையில், படகுத்துறையில், தேவாலய வாசலில் எது புழங்குகிறதோ அதில் பேசுவார்கள். அறிவைப் பேசுகிறவர்கள் தங்களுக்குள் பாதுகாப்பாகப் பேசிக்கொள்ளும் மொழிக்குப் பின்வாங்கினால், தெருவின் மொழி முழுதுமாக மற்றவர்களுக்குப் போய்விடும். டி விட் சகோதரர்களின் கொலைக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. போர் இருந்தது, தோல்வி இருந்தது, டி விட்டை எதிர்த்த இளவரசர் கட்சியின் சூழ்ச்சி இருந்தது. ஆனால் அந்தக் கும்பலிடம் அவர்கள் மொழியில் நான்கைந்து ஆண்டுகளாக வேறு மாதிரி யாராவது பேசியிருந்தார்களா என்று கேட்டால், பேச வந்த ஒருவரை அரசே சிறையில் சாகவிட்டிருந்தது. டி விட்டின் ஆட்சிக்காலத்தில் நடந்தது அது. தன்னைக் காப்பாற்றக்கூடிய குரலை அந்த ஆட்சி தானே நெரித்துக்கொண்டது.

ஸ்பினோசா புகழ்ந்த ஆம்ஸ்டர்டாமைப் பற்றி நமக்குச் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. அந்த நகரத்தின் செல்வத்தில் பெரும்பங்கு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுவந்தது. அந்தக் கம்பெனி 1658-இல் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தது. அடுத்த சில ஆண்டுகளில் தஞ்சைப் பகுதியைப் பஞ்சமும் படையெடுப்பும் சூறையாடியபோது, சோற்றுக்கு வழியில்லாமல் விற்கப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழர்களை அது சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேற்றி இலங்கைக்கும் பத்தேவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) அடிமைகளாகக் கொண்டுபோனது. ரைன்ஸ்பர்க்கில் ஸ்பினோசா வில்லை தேய்த்துக்கொண்டு அறிவைப் பற்றி எழுதத் தொடங்கிய அதே காலம். சபை எது என்று கேட்காமல் கடன் கொடுத்த அந்த வணிகர்கள், மனிதரை விலைக்கு வாங்கும்போதும் எதையும் கேட்கவில்லை. ஸ்பினோசாவின் நூல்களில் இதைப் பற்றிய கண்டனம் கிடையாது. இறக்கும்போது முடிக்காமல் விட்ட அரசியல் நூலில் பெண்களையும் வேலைக்காரர்களையும் ஆட்சி உரிமையிலிருந்து விலக்கி வைத்தே எழுதியிருக்கிறார். எல்லா மனங்களும் ஒரே இயற்கையின் பகுதி என்று கண்டவரின் பார்வை எட்டாத இடங்கள் இவை. மக்களின் மொழியில் எழுதியிருந்தால் மக்கள் திருப்பிக் கேட்டிருப்பார்கள், ஒரு வேலைக்காரப் பெண் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ஏன் என்று கேட்டிருப்பாள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. கற்றவர்கள் தங்களுக்குள் மட்டும் பேசும்போது கேட்கப்படாமல் போகிற கேள்விகள் உண்டு.

இன்று லத்தீன் இல்லை. ஆனால் லத்தீன் இருந்த இடம் காலியாகவும் இல்லை. பல்கலைக்கழகக் கருத்தரங்கில், நூறு பேர் படிக்கும் ஆய்விதழில் எதை எழுதினாலும் பெரும்பாலும் ஒருவரும் கண்டுகொள்வதில்லை. அதையே ஊர்ப் பொதுக்கூட்டத்தில், ஒரு சிறு வெளியீட்டில், பள்ளி மாணவருக்குப் புரியும் சொற்களில் சொன்னால் மனம் புண்பட்டது என்று ஆள் வருகிறது. மேலே பேசலாம், கீழே பேசக் கூடாது என்ற ஏற்பாட்டைச் சுதந்திரம் என்று ஒத்துக்கொண்டு அறிஞர்கள் பலர் அமைதியாக இருக்கிறார்கள். அது ஸ்பினோசாவின் காலத்து ஹாலந்து செய்துகொண்ட அதே ஏற்பாடு. நீதிமன்றத்தில் தன் வழக்கு எந்த மொழியில் நடக்கிறது என்று புரியாமல் நிற்கிறவருக்கும், மருந்துச் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறவருக்கும் கூர்பாக்கின் 1664-ஆம் ஆண்டு வேலை இன்னும் தேவைப்படுகிறது. சிந்தனைச் சுதந்திரத்தைச் சட்டத்தின் பிரச்சினையாக மட்டும் பார்ப்பவர்கள், மொழிபெயர்ப்பாளரையும் பாடநூல் எழுதுகிறவரையும் கிராம நூலகரையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் அவர்களை முதல் வரிசையில் வைப்பேன்.

ஸ்பினோசா 1677 பிப்ரவரி 21 அன்று, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், வீட்டுக்காரர்கள் தேவாலயத்துக்குப் போயிருந்த நேரத்தில் இறந்தார். வயது நாற்பத்து நான்கு. அவர் கையெழுத்துப் பிரதிகள் இருந்த மேசையை வீட்டுக்காரர் ஆம்ஸ்டர்டாமுக்கு ரியூவர்ட்ஸிடம் அனுப்பி வைத்தார். அதன்பிறகு நண்பர்கள் செய்த காரியம்தான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது. பெயருக்கு முதலெழுத்துகள் மட்டும் போட்டு, ஊர் பெயரும் பதிப்பாளர் பெயரும் இல்லாமல், அந்த ஆண்டு முடிவதற்குள் எல்லாவற்றையும் அச்சேற்றினார்கள். ரோமில் 'எதிக்ஸ்' நூலின் ஒரு பிரதி சமய விசாரணை மன்றத்தின் கைக்குப் போய்விட்டிருந்த நேரம் அது. அந்தப் பிரதியை 2010-இல் வாட்டிகன் நூலகத்தில் கண்டெடுத்தார்கள். இத்தனை ஆபத்துக்கு நடுவிலும் நண்பர்கள் இரண்டு பதிப்புகளைக் கொண்டுவந்தார்கள். ஒன்று லத்தீன், மற்றொன்று டச்சு.

அந்த நூலுக்கு டச்சு மொழியில் முன்னுரை எழுதியவர் யாரிக் யெல்லஸ், ஸ்பினோசா மொழிபெயர்ப்பை நிறுத்தச் சொல்லிக் கடிதம் எழுதினாரே, அவர்தான். மளிகை, வாசனைப் பொருள் வியாபாரத்தை விட்டுவிட்டுச் சத்தியத்தைத் தேட வந்தவர். அவருக்கு லத்தீன் தெரியாது. ஆண்டுக்கணக்காக ஸ்பினோசாவோடு டச்சிலேயே கடிதம் எழுதி, சந்தேகம் கேட்டு, பதில் பெற்று வந்தவர். 1678 ஜூனில் ஹாலந்து அரசு இரண்டு பதிப்புகளையும் தடை செய்தது. அதற்குள் பிரதிகள் கைமாறிவிட்டன. ஸ்பினோசா 1671-இல் நிறுத்திய மொழிபெயர்ப்பு 1693-இல் வெளிவந்தது. உத்ரெக்ட் அச்சகத்தில் பாதியில் நின்ற கூர்பாக்கின் நூல் முழுமையாக அச்சேறியது 1974-இல்.